இல்லைகளைப் பொறுக்கியவள்

பல்செட்டுகளோடு பேச ஆரம்பித்த பிறகுதான் பல்லக்காவுக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றியது.

பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் ஒரு லேபில் அவளுக்கு வேலை. யாரோ முகம் தெரியாதவர்களின் தாடை அச்சு வரும். அதன்மேல் மெழுகை உருக்கி ஊற்றி, ஒவ்வொரு பல்லாக நட்டு, ஈறு போலச் சீவி எடுப்பாள். குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் பல்லக்காதான். ஒருநாள் லேபில் பக்கத்து மேசையில் வேலை செய்யும் பெண் கேட்டாள்.

“அக்கா, அந்தக் கீழ்த்தாடைகிட்ட ரொம்ப நேரமா என்ன சொல்லிட்டு இருந்தீங்க?”

“எங்க வீட்டுப் பம்பு ஓடலைன்னு சொன்னேன்.”

“அது என்ன சொல்லிச்சு?”

“ஒண்ணும் சொல்லல. ஆனா காது கொடுத்துக் கேட்டுது.”

காது இல்லாத ஒன்று காது கொடுத்துக் கேட்டது என்று சொன்னபோதுதான் விஷயம் கை மீறிவிட்டது என்று அவளுக்கே உறைத்தது.

வீட்டில் பேச ஆள் இல்லாமல் இல்லை. கணவர் இருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவிப் பக்கம் வேறு யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. அன்றிலிருந்து அவர் வாயால் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, எழுத்தால் பேச ஆரம்பித்தார். கீழ்த்தளத்தில் லிப்டுக்கு எதிரே இருந்த அறிவிப்புப் பலகை கொஞ்சநாளில் நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு அறிவிப்பிலும் ‘இல்லை’யும் ‘கூடாது’வும் மட்டும் சிவப்பு மையில், தடித்த எழுத்தில், தனியாகத் தெரியும். ஒற்றுப்பிழை மருந்துக்கும் கிடையாது என்பது அவருடைய பெருமை. சொந்த வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. பிரிட்ஜின் மேல் ஒன்று ஒட்டியிருந்தது: ‘கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. இப்படிக்கு, செயலாளர்.’

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். யாருக்கு எழுதினார் என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை.

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் நாட்குறிப்பும் கவிதையும் எழுதப் பழக்கும் வகுப்பு நடந்தது. பல்லக்கா போய்ச் சேர்ந்தாள். முதல் வாரம் அவள் எழுதியதை வாசித்துக் காட்டினாள்: ‘எழுந்தேன். வேலைக்குப் போனேன். மேல்தாடை ஒன்று, கீழ்த்தாடை ஒன்று. திரும்பி வந்தேன்.’ அடுத்த வாரமும் அதுவேதான். தாடைகள் மட்டும் இடம் மாறியிருந்தன.

வகுப்பு எடுத்த பெண்ணுக்கு வயது குறைவு, பொறுமை அதிகம். “அக்கா, உங்க சொந்த வார்த்தையை எல்லாம் கொஞ்ச நாளைக்கு ஓரமா வைங்க,” என்றாள். “வெளியில எவ்வளவோ வார்த்தை கிடக்கு. சோப்புக் கவர்ல, பஸ் டிக்கெட்ல, மாத்திரை அட்டையில. கண்ணுல படறதை எடுத்துட்டு வாங்க. ஒட்டிப் பாருங்க. அதுவா உங்களோட பேசும்.”

“பார்த்து எழுதினாப் போதாதா?”

“போதாது. கண்டெடுக்கணும். கையில வார்த்தை இருக்கணும்.”

பல்லக்கா எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவள். அரை மில்லிமீட்டர் தவறினால் யாரோ ஒருவர் வாழ்நாள் முழுக்க நாக்கைக் கடித்துக்கொள்வார் என்ற பயத்திலேயே கைத்தொழில் கற்றவள். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவள் லிப்டுக்காகக் காத்து நின்றபோது, எதிரே சிவப்பாக, தடிப்பாக, அழகாக அந்தச் சொல் தெரிந்தது: இல்லை.

இத்தனை வருஷம் அந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்தியும் அதன் முகத்தை அவள் சரியாகப் பார்த்ததே கிடையாது. பையில் மெழுகு சீவும் கத்தி இருந்தது. நாலு பக்கமும் கோடு இழுத்து, பின்னால் இருந்த பலகையில் கீறல்கூட விழாமல் சொல்லை மட்டும் பெயர்த்து எடுத்தாள். பல் நட்டு வைக்கும் மெழுகுப் பட்டையில் அதை ஒட்டிக்கொண்டாள். ஒன்று போதவில்லை. அந்த வாரத்துக்குள் பலகையில் இருந்த அத்தனை ‘இல்லை’களும் அவளிடம் வந்து சேர்ந்தன. பிறகு ‘கூடாது’கள்.

விளைவு முதலில் நாய் வடிவத்தில் வந்தது.

இரண்டாம் மாடியில் வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். ‘வரி’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவரிடம் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய். ஒரு காலையில் செயலாளர் லிப்டுக்குள் நுழைந்தபோது அந்த நாய் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு உள்ளே நின்றது.

“என்ன சார் இது?” என்றார் செயலாளர்.

“நாய் சார்.”

“நாய்னு தெரியுது. லிப்டுல எப்படி?”

“நீங்கதானே எழுதிப் போட்டிருக்கீங்க? ‘லிப்டில் நாய்களுக்கு அனுமதி’. எனக்கே ஆச்சரியமா இருந்துது. உங்களைப் பத்தித் தப்பா நினைச்சிட்டேன் சார். மன்னிச்சிடுங்க.” கையைப் பிடித்துக் குலுக்கினார். நாயும் நன்றியோடு செயலாளரின் முழங்காலை நக்கியது.

செயலாளர் பலகைக்கு ஓடினார். ‘அனுமதி’க்கு அடுத்து ஒரு ஜன்னல் மாதிரி சதுரமான ஓட்டை, அதன் வழியே பலகையின் பச்சைத் துணி தெரிந்தது. அவர் கண் அடுத்ததற்குப் போனது. ‘விருந்தினர் வாகனங்களுக்கு இங்கே இடம்.’ அதற்கடுத்தது. ‘மொட்டை மாடியில் விளையாடக்.’ வாசலில் யார் யாருடைய மாமனார், மச்சான் கார்களெல்லாமோ ஏற்கனவே வந்து நின்றுவிட்டன என்று காவலாளி சொன்னான். “இடம்னு போட்டிருக்கே சார், நான் எப்படி வேண்டாங்கறது?”

செயலாளர் எல்லா அறிவிப்பையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒட்டப் பார்த்தார். ஐந்தாம் மாடி வக்கீலம்மா வந்து தடுத்தார்.

“பலகையில இருக்கிறதைப் பொதுக்கூட்டம் கூடாம யாரும் எடுக்க முடியாது. உங்க விதிதான். அதோ, அந்த மூலையில.”

“ஆனா அதை யாரோ வெட்டிட்டாங்கம்மா!”

“வெட்டினது தப்புதான். ஆனா மிச்சம் இருக்கிறது உங்க எழுத்து, உங்க கையெழுத்து. எழுத்துல என்ன இருக்கோ அதான் சார் சட்டம்.”

மூன்றாம் மாடியில் டிரம்ஸ் வாசிப்பவன் இருந்தான். அவனுக்காகவே எழுதப்பட்ட அறிவிப்பு ஒன்று உண்டு: ‘மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை இசைக்கருவிகள் வாசிக்கக் கூடாது.’ இப்போது அது ‘வாசிக்கக்’ என்று நின்றது. வக்கீலம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தை ஆராய்ந்தார்.

“இந்த ‘க்’ தொங்குதே. அப்படின்னா அடுத்து வர்ற வார்த்தை ‘க’வுல ஆரம்பிக்கணும், இல்லையா சார்?”

இலக்கணம் என்று வந்துவிட்டால் செயலாளரால் பொய் சொல்ல முடியாது. “ஆமா. ‘கூடாது’ன்னு இருந்துச்சு.”

“இருந்துச்சு. இப்போ காணோம். ‘கடமைப்பட்டுள்ளோம்’னுகூட இருந்திருக்கலாமே?”

“வாசிக்கக் கடமைப்பட்டுள்ளோம்…” என்று செயலாளர் தன்னை அறியாமல் சேர்த்துப் படித்துப் பார்த்தார். ஒற்று சரியாக உட்கார்ந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது.

கடமை என்று தெரிந்த பிறகு டிரம்ஸ்காரன் ஒரு மதியமும் தவறவில்லை. உடம்பு சரியில்லாத நாளில்கூட மாத்திரை போட்டுக்கொண்டு வந்து வாசித்தான். மற்றவர்களுக்கும் உறுத்தல் வந்தது. முதல் மாடியில் இருந்த ஒரு மாமியாரும் மருமகளும், அதுவரை எலியும் பூனையுமாக இருந்தவர்கள், சங்க விதியை மீறக் கூடாதே என்று பொதுவில் ஒரு ஹார்மோனியம் வாங்கினார்கள்.

அன்று மாலை பல்லக்கா கணவருக்கு எதிரே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

“என்னங்க, அதையெல்லாம் வெட்டினது நாந்தான்.”

செயலாளர் அவளைப் பரிவோடு பார்த்தார். “யாரைக் காப்பாத்தறதுக்காகச் சொல்ற?”

“யாரையும் இல்லீங்க. கவிதைக்கு வேணும்னு எடுத்தேன்.”

“கவிதையா? நீயா?” அவர் சிரிக்கக்கூட இல்லை, அவ்வளவு நம்பிக்கையின்மை. “இது ஒரு கும்பல் வேலை. ‘இல்லை’ எங்க இருக்கு, ‘கூடாது’ எங்க இருக்குன்னு பார்த்து, இலக்கணம் தெரிஞ்சவன் எவனோ பண்ணியிருக்கான். நீ போய்ப் படு.”

“இதோ பாருங்க.” மெழுகுப் பட்டையை நீட்டினாள்.

“பல்லு வேலையை வீட்டுக்குக் கொண்டு வராதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்றார், பட்டையைப் பார்க்காமலேயே.

அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. குற்றம் செய்தவள் என்று நம்புவதற்குக்கூடத் தான் லாயக்கில்லையா என்று நினைத்தாள்.

மறுநாள் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். செயலாளர், வக்கீலம்மா, வரி, காவலாளி எல்லோரும் காவலறையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். பலகை முன்னால் பல்லக்கா நிற்கிறாள்; கத்தியை எடுக்கிறாள்; வெட்டுகிறாள்; வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்; போகிறாள். மறுபடி வருகிறாள்.

“இது நம்ம அக்கா, பலகையைச் சுத்தம் பண்றாங்க,” என்றார் வரி. “அதைத் தள்ளி ஓட்டுங்க. ஆள் எப்போ வர்றான்னு பார்ப்போம்.”

தள்ளி ஓட்டினார்கள். ஆள் வரவேயில்லை. “கெட்டிக்காரன், கேமரா இருக்கிறது தெரிஞ்சவன்,” என்று முடிவு செய்தார்கள்.

பொதுக்கூட்டம் நாள் குறித்தாயிற்று. இதற்கிடையில் பல்லக்கா தன் வேலையை நிறுத்தவில்லை. இனி ஒளிக்கவும் தேவையில்லை, பட்டப்பகலில் எடுத்தாள். குப்பை அறிவிப்பிலிருந்து கொஞ்சம், பம்பு அறிவிப்பிலிருந்து கொஞ்சம், யாரும் எடுத்துப்போகாத சைக்கிள்கள் பற்றிய அறிவிப்பிலிருந்து கொஞ்சம். லேபில் பல்லுக்குப் பல் நிறம் பார்த்துச் சேர்ப்பது போலச் சொல்லுக்குச் சொல் பார்த்துச் சேர்த்தாள். ஒரே ஒரு குறை: ‘நான்’ என்ற சொல் மட்டும் அவர் எழுதிய எதிலும் அகப்படவில்லை. பலகை முழுக்கத் தேடினாள். பிரிட்ஜிலும் தேடினாள். கிடைக்காததால் அது இல்லாமலேயே எழுதினாள்.

கூட்டம் மொட்டை மாடியில் நடந்தது. கீழே விருந்தினர் கார்கள் வழியை அடைத்திருந்ததால் வேறு இடம் இல்லை. டிரம்ஸ்காரன் கடமையை முடித்துவிட்டு வியர்வையோடு வந்து உட்கார்ந்தான். செயலாளர் எழுந்தார்.

“விதிகளைச் சிதைத்த கயவன் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறான். அவனாக முன்வந்தால் நல்லது.”

பல்லக்கா எழுந்து நின்றாள்.

“நீ உட்காரும்மா. தண்ணி அப்புறம் கொடுக்கலாம்,” என்றார் செயலாளர்.

“தண்ணி கொடுக்க எழுந்திருக்கல. நாந்தான் அந்தக் கயவன்.” பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். “வெட்டினதை எல்லாம் இதுல ஒட்டியிருக்கேன். படிக்கிறேன், கேளுங்க.”

கூட்டத்தில் வாசித்துப் பழக்கமில்லாததால் கீழ்த்தாடையிடம் பேசுவது போல மெதுவாகத்தான் படித்தாள்.

குடியிருப்போர் கவனத்திற்கு:
இல்லை இல்லை.
கூடாது கூடாது.
மதியம் சத்தம்
மழை எனக் கருதப்படும்.
உரிமை கோரப்படாத நாய்கள்
விருந்தினர்.
வீடு பழுதடைந்துள்ளது.
உடனடியாக பொறுத்துக்கொள்ளவும்.
ஈரமான செயலாளர்
உலர்ந்த செயலாளர்
தனித்தனியாக வைக்கப்பட வேண்டும்.
இப்படிக்கு
இடம்.

படித்து முடித்து அட்டையை இறக்கினாள்.

“நல்லா இருக்கே,” என்றார் வரி. “அந்த நாய் சமாச்சாரம் ரொம்ப நல்லா இருக்கு.”

“முதல்ல ஒரு சந்தேகம்,” என்றார் வக்கீலம்மா. “‘இல்லை இல்லை’ன்னா அழுத்திச் சொல்ற இல்லையா, இல்ல, இல்லைங்கிறதே இனிமே இல்லையா?”

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கீழ் மாடிக்காரர்கள் அழுத்தம் என்றார்கள். மேல் மாடிக்காரர்கள் ரத்து என்றார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியில் இருந்தார்கள். தொண்டை வறளச் சண்டை போட்டபின், “படிக்கிறவங்க மனசுக்குத் தகுந்த மாதிரி வச்சுக்கலாம்” என்று ஒப்புக்கொண்டார்கள். அப்படி வைத்துக்கொள்ளக்கூடிய விதி அந்தக் குடியிருப்புக்கு அதுவரை வாய்த்ததில்லை.

“எல்லா வார்த்தையும் செயலாளரோடது, அவர் அச்சடிச்சது,” என்றார் வக்கீலம்மா. “சட்டப்படி ஒரு குறையும் எனக்குத் தெரியல. பழசையெல்லாம் நீக்கிட்டு இதையே சங்க விதியா வச்சுக்கலாம்னு முன்மொழியறேன்.”

கைகள் உயர்ந்தன. ஒரு கை மட்டும் உயரவில்லை. எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள்.

அவர் மனைவியின் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் எழுதியவையெல்லாம் அதில் இருந்தன. ஆனால் எதையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சொந்தப் பிள்ளைகள் வெளியூர் போய் வளர்ந்து மீசையோடு திரும்பி வந்து நிற்பது போல இருந்தது. ‘வீடு பழுதடைந்துள்ளது’ என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

“இது எங்கேருந்து எடுத்த?” என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

“‘பழுதடைந்துள்ளது’ பம்புலேருந்து. ‘வீடு’ வந்து, வீடு காலி பண்றவங்களுக்குப் போட்டீங்களே, அதுலேருந்து.”

“நீயேதான் பண்ணினியா?”

“அதைத்தான் அன்னைக்கே சொன்னேன்.”

அவர் மறுபடி அட்டையைப் பார்த்தார். விரல் ஒரு வரி இறங்கியது. முகம் சட்டென்று இறுகியது.

“இதுல நான் கையெழுத்துப் போட முடியாது.”

“ஏன் சார்?” என்றது கூட்டம்.

“‘உடனடியாக பொறுத்துக்கொள்ளவும்’னு இருக்கு. ‘உடனடியாகப்’னு வரணும். ஒரு ‘ப்’ குறையுது.”

கூட்டம் பெருமூச்சு விட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். பல்லக்கா அவர் கையைப் பிடித்தாள்.

“எழுதக் கூடாது. கண்டெடுக்கணும்.”

“ஒரே ஒரு ஒற்றெழுத்தும்மா!”

“அதுவா இருந்தாலும்.”

எழுத்துக்கு உயிரைக் கொடுக்கிறவர் அவர். இன்னொருத்தியும் அதே பிடிவாதத்தோடு எதிரே நிற்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. “கத்தியைக் கொடு,” என்றார்.

இருவரும் லிப்டில் இறங்கினார்கள். கூட்டம் படிக்கட்டில் தடதடவென்று பின்னால் வந்தது. பலகையில் மிச்சமிருந்த அறிவிப்புகளைச் செயலாளர் ஒவ்வொன்றாகப் படித்தார். ‘குப்பை’யில் ஒரு ‘ப்’ இருந்தது. எடுத்தால் ‘குபை’ ஆகிவிடும். ‘எச்சில் துப்பக்’கில் ஒன்று, அதை எடுத்தால் ‘துபக்’. கை வைக்க மனம் வரவில்லை. கடைசி வரிசையில் ஒன்றின் முன் நின்றார். ‘உடைந்தப் பொருட்களை.’ நின்றவர் நின்றபடியே இருந்தார்.

“என்னங்க?”

“இங்க ‘ப்’ வரக் கூடாது.” அவர் விரல் அந்த எழுத்தைத் தொட்டது. “உடைந்த பொருட்கள்தான். பெயரெச்சத்துக்கு அடுத்து ஒற்று மிகாது. சின்னப் பிள்ளைக்குத் தெரியும். நான் எப்படி…” பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “இத்தனை நாளா தொங்கிட்டு இருக்கு. ஒருத்தர்கூடச் சொல்லலையே?”

“நாங்க எங்க சார் படிச்சோம்?” என்றார் வரி. “ஓட்டை விழுந்த பிறகுதான் எல்லாரும் படிக்கவே ஆரம்பிச்சோம்.”

செயலாளர் கத்தியைப் பிடித்த விதம் சரியில்லை. பல்லக்கா அவர் விரல்களை மாற்றி வைத்தாள். நகத்தால் தாங்கிக்கொண்டு எப்படிச் சீவ வேண்டும் என்று காட்டினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன எழுத்தைப் பெயர்த்து, விரல் நுனியில் ஏந்தி, அட்டையில் ஒட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார். காவலாளி கைதட்டினான். நாய் குரைத்தது, அதை விருந்தினராகவே எல்லோரும் நடத்தினார்கள்.

அந்தச் சனிக்கிழமை பல்லக்கா வகுப்பில் அதை வாசித்தாள். ஆசிரியை உதட்டைப் பிதுக்கினாள். “கவிதை மாதிரி இல்லையே அக்கா. ஏதோ நோட்டீஸ் மாதிரி இருக்கு.” பல்லக்காவுக்கு வருத்தம் எதுவும் வரவில்லை. சட்டமாகிவிட்ட ஒன்றைத் திருத்தித் தர முடியாது என்று மட்டும் பணிவாகச் சொன்னாள்.

செயலாளருக்கு முன்பைவிட வேலை கூடியது. ஈரமான செயலாளரும் உலர்ந்த செயலாளரும் தனித்தனியாக வைக்கப்பட வேண்டும் என்பதால், குளித்துவிட்டு வந்ததும் தலை காயும்வரை கோப்புகள் இருந்த அறைக்குள் அவர் நுழைவதில்லை. சமையலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். விதி அனுமதிக்கும் அந்த நேரத்தில் செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் மனைவியோடு பேசுவார். அவருக்கு முடி அடர்த்தி. காய நேரமாகும்.

மழை விதியைத்தான் எல்லோரும் அதிகம் மதித்தார்கள். மதியம் டிரம்ஸும் ஹார்மோனியமும் ஆரம்பித்ததும் ஜன்னல்கள் சாத்தப்படும். வெளியே கிளம்பியவர்கள் வாசலில் ஒதுங்கி நிற்பார்கள். யாரும் யாரையும் திட்டுவதில்லை. மழையைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

லேபுக்கு விடுமுறையான ஒருநாள், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. டிரம்ஸ் தொடங்கியது. செயலாளர் படித்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினார். மொரமொரவென்று காய்ந்திருந்த துணிகளைக் கொடியிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

“நல்லவேளை, எல்லாம் நனையறதுக்குள்ள எடுத்துட்டேன்,” என்றார்.

பல்லக்கா துணிகளை வாங்கிக்கொண்டாள். “உங்க மேல பட்டுடுச்சா?”

அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். வியர்வையில் தொப்பலாக இருந்தது.

“கொஞ்சம்,” என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சமையலறையில் உட்கார்ந்தார்.